நிறுத்துப் பார்க்கும் கணிதம்: எண் பிரிவினையும் கட்டற்ற மென்பொருளும்

தராசு விற்கிறவனுக்குக் கணித ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மஸ்ஜித் பந்தர் பக்கத்தில் நாற்பது ஆண்டுக்குக் கிட்டத் தராசும் எடைக்கல்லும் விற்றுப் பிழைத்தவன் நான். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு மும்பைக்கு வந்தவன். கல்லூரி வாசலை மாணவனாக மிதித்ததில்லை. ஆனால் வியாபாரம் மந்தமான மத்தியான வேளைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கணிதப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இளமையிலேயே ஒட்டிக்கொண்டது. இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். புத்தகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற சில ஆண்டுகளில் ‘இயற்கணிதச் சேர்வியல்’ என்னும் துறையையும், அதற்கு உதவும் ‘சேஜ்’ என்னும் கட்டற்ற மென்பொருளையும் என் அறிவுக்கு எட்டிய அளவில் படித்தேன். அதில் கற்றதையும், பட்ட அவமானம் ஒன்றையும் இங்கே சொல்லப்போகிறேன். நம் சங்கக் குடும்பங்களில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது வழிகாட்டினால் எனக்குப் போதும்.

எடைக்கல்லில் தொடங்குவோம்

சேர்வியல் என்றால் எண்ணும் கலை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதல்ல. ‘எத்தனை விதம்?’ என்ற கேள்விக்கு விடை காண்பது. என் தொழிலிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

கடையில் 1, 2, 3, 4, 5 கிலோ எடைக்கற்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ சர்க்கரையை எத்தனை விதமாக நிறுக்கலாம்? 5 கிலோ கல் ஒன்றே போதும். அல்லது 4-உம் 1-உம். 3-உம் 2-உம். 3-உம் இரண்டு 1-உம். இரண்டு 2-உம் ஒரு 1-உம். ஒரு 2-உம் மூன்று 1-உம். கடைசியாக ஐந்து 1. ஆக 7 விதம். இதைக் கணிதத்தில் எண் 5-இன் பிரிவினைகள் என்பர். பாகப்பிரிவினை போல ஒரு எண்ணைப் பாகம் பாகமாகப் பிரிப்பது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரே எடைக்கல்லை இரண்டு முறை வைக்கக் கூடாது என்றால் 5, 4, 1, 3, 2 என்று 3 விதம்தான் கிடைக்கும். ஒற்றைப்படைக் கற்களை மட்டும், திரும்பத் திரும்ப வைக்கலாம் என்றாலும் 5. 3, 1, 1. 1, 1, 1, 1, 1 என்று அதே 3 விதம்தான். எந்த எண்ணை எடுத்தாலும் இந்த இரண்டு கணக்கும் சமமாகவே வரும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து 6-க்கும் 7-க்கும் செய்து பாருங்கள்.

எண் சிறியதாக இருக்கும்வரை இது விளையாட்டு. 10-க்கு 42 விதம், 50-க்கு 2,04,226 விதம், 100-க்கு 19,05,69,292 விதம். பத்தொன்பது கோடியை யார் உட்கார்ந்து எழுதுவது? இங்கேதான் சூத்திரமும், பின்னால் கணிப்பொறியும் தேவைப்படுகின்றன.

நம் முன்னோர் எண்ணிய எண்ணிக்கை

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. யாப்பருங்கலக் காரிகை இயற்றிய அமிதசாகரர் சமணப் புலவர். அந்நூல் படித்தவர்க்குத் தெரியும்: அசை இரண்டே வகை, நேர், நிரை. ஓரசைச்சீர் 2. ஈரசைச்சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என 4. மூவசைச்சீர் 8. நாலசைச்சீர் 16. மொத்தம் 30. ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒன்று நிற்கும், ஆகவே ஓர் அசை கூடினால் எண்ணிக்கை இரட்டிக்கும். வாய்பாடு மனப்பாடம் செய்த ஒவ்வொரு மாணவனும் தன்னை அறியாமல் சேர்வியல் படித்தவனே.

9-ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீராசாரியார் என்ற சமணக் கணித அறிஞர் ‘கணிதசாரசங்கிரகம்’ எழுதினார். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் விதங்களுக்குப் பொதுச் சூத்திரம் அதில் உண்டு. அறுசுவைகளில் மூன்றைச் சேர்த்தால் எத்தனை கலவை என்று கேட்டால் விடை 20. அந்த நூலை எம். ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-இல் சென்னையில் அச்சாயிற்று.

பழம்பெருமை பேசி நிறுத்துவது என் நோக்கமல்ல. எண்ணத் தெரிந்த மரபு நமக்கு உண்டு, அந்த எண்ணிக்கைக்கு இன்று புதுக் கருவி வந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கட்டங்களும் கொக்கிகளும்

இனி ‘இயற்கணித’ என்ற அடைமொழிக்கு வருவோம். 6 என்ற எண்ணை 3, 2, 1 என்று பிரித்தோம் என்க. அதைக் கட்டங்களாக வரையலாம். முதல் வரியில் 3 கட்டம், அதன் கீழ் இடது ஓரம் ஒட்டி 2 கட்டம், அதன் கீழ் 1 கட்டம். படிக்கட்டு மாதிரி இருக்கும். இந்த ஆறு கட்டங்களில் 1 முதல் 6 வரை எண்களை நிரப்ப வேண்டும். விதி ஒன்றே: இடமிருந்து வலம் போனாலும் மேலிருந்து கீழ் போனாலும் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். இதற்கு யங் அட்டவணை என்று பெயர். ஆல்ஃப்ரெட் யங் என்ற ஆங்கிலேயர் 1900-ஐ ஒட்டி இதைக் கொண்டுவந்தார். அவர் பிற்காலத்தில் நாட்டுப்புறத் தேவாலயம் ஒன்றில் பாதிரியாராக இருந்துகொண்டே கணிதம் செய்தவர். கல்லாவில் உட்கார்ந்து கணிதம் படிக்கும் எனக்கு இது ஓர் ஆறுதல்.

இந்த அட்டவணைகளின் அதிசயம் இது. 3 என்ற எண்ணுக்கு மூன்று வடிவங்கள்: மூன்றும் ஒரே வரி, இரண்டும் ஒன்றும், மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்று. அவற்றை நிரப்பும் விதங்கள் முறையே 1, 2, 1. ஒவ்வொன்றையும் தன்னால் பெருக்கிக் கூட்டுங்கள்: 1 + 4 + 1 = 6. மூன்று பேரை வரிசையில் நிறுத்தும் விதங்களும் 6. 4-க்குச் செய்தால் 1, 3, 2, 3, 1. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 24. நான்கு பேர் வரிசையில் நிற்கும் விதங்களும் 24. எந்த எண்ணுக்கும் இது தவறாது. வரிசைமாற்றங்களின் உள் அமைப்பை இயற்கணிதத்தால் ஆராய்ந்தால் அதன் அடிப்படைக் கூறுகள் இந்தக் கட்ட வடிவங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன. எண்ணும் கலையும் இயற்கணிதமும் கைகோக்கும் இந்த இடமே இயற்கணிதச் சேர்வியல்.

இதைப் படித்த உற்சாகத்தில் 6-க்குக் கையாலேயே போட்டுப் பார்க்கப் புறப்பட்டேன். மொத்தம் 11 வடிவங்கள். பழைய பேரேடு ஒன்றின் பின்பக்கங்களில் ஒவ்வொன்றாக நிரப்பி எண்ணினேன். எல்லாம் முடிந்து வர்க்கங்களைக் கூட்டினால் 660 வந்தது. வரவேண்டியது 720. அறுபது குறைகிறது!

கடைக் கணக்கில் அறுபது ரூபாய் உதைத்தால் இரவு பத்து மணியானாலும் கடை சாத்தமாட்டேன். இதையும் விடவில்லை. மூன்று வாரம் போராடினேன். கூட்டலைச் சரிபார்த்தேன், பெருக்கலைச் சரிபார்த்தேன். கடைசியில் ஆணவம் தலைக்கேறி, புத்தகத்தில்தான் அச்சுப் பிழை, 6-க்கு அந்த விதி பொருந்தவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். நண்பர் இருவரிடம் சொல்லியும் விட்டேன்.

பேத்தி காட்டிய கருவி

மகள் வயிற்றுப் பேத்தி எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தவளிடம் பேரேட்டைக் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்தாள்.

“தாத்தா, சண்டை போடவேண்டாம். மெஷினையே கேட்டுடலாம்” என்றாள்.

“மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?”

“இதுக்குன்னே பண்ணினது தாத்தா. காசும் கிடையாது.”

மடிக்கணினியில் சேஜ் மென்பொருளைத் திறந்தாள். யங் அட்டவணைக்கான ஆங்கிலப் பெயரை அடித்து, அடைப்புக்குறிக்குள் 3, 2, 1 என்று வடிவத்தைக் கொடுத்து, எண்ணிக்கை கேட்டாள். 16 என்று வந்தது. நான் எழுதியிருந்தது 14. பட்டியலையும் கேட்டாள். பதினாறும் வரிசையாக வந்து விழுந்தன. பேரேட்டோடு ஒப்பிட்டால் நான் இரண்டை விட்டிருந்தேன். 14-இன் வர்க்கம் 196, 16-இன் வர்க்கம் 256. வித்தியாசம் சரியாக அறுபது.

புத்தகம் சரி, விதி சரி, தவறு என் கையில். அன்று இரவே நண்பர் இருவருக்கும் போன் செய்து என் தவறை ஒப்புக்கொண்டேன்.

கையாலேயே சரிபார்க்க ஒரு வழியும் இருந்திருக்கிறது, நான்தான் அதுவரை படிக்கவில்லை. ஒரு கட்டத்தையும் அதன் வலப்பக்கத்துக் கட்டங்களையும் கீழ்ப்பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து எண்ணினால் அது அந்தக் கட்டத்தின் கொக்கி நீளம். நம் படிக்கட்டு வடிவத்தில் கொக்கி நீளங்கள் முதல் வரியில் 5, 3, 1, அடுத்ததில் 3, 1, கடைசியில் 1. பெருக்கினால் 45. ஆறு பேர் வரிசையில் நிற்கும் விதங்களான 720-ஐ 45-ஆல் வகுத்தால் 16! ஃப்ரேம், ராபின்சன், த்ரால் மூவரும் 1954-இல் வெளியிட்ட சூத்திரம் இது.

ஏன் கட்டற்ற மென்பொருள்?

‘காசு கிடையாது’ என்று பேத்தி சொன்னதில் முழு விஷயமும் இல்லை. முன்பு அவள் படித்த கல்லூரியில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஆண்டு உரிமம் புதுப்பிக்கப்படாமல் போகவே, அவள் ஒரு பருவம் முழுக்கச் செய்த கணக்குகளை அவளாலேயே திறக்க முடியவில்லை. தன் பெட்டியில் தன் நகை, சாவி மட்டும் அடுத்த வீட்டில் என்ற நிலை.

இதே கதை பெரிய அளவிலும் நடக்கக்கூடியது. ஃப்ளோரெண்ட் இவேர், நிகோலா தியெரி என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டு இறுதியில் சேர்வியலுக்கென்று ஒரு கருவித் தொகுப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் தொகுப்பு கட்டற்றது. ஆனால் அதற்கு அடித்தளமாக இருந்த ‘மூபேட்’ என்ற மென்பொருள் ஒரு நிறுவனத்தின் விற்பனைச் சரக்கு. 2008-இல் தங்கள் தொகுப்பை முழுவதும் சேஜுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் மூபேட் நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியது. மூபேட்டைத் தனியாக விற்பதும் நின்றது. குத்தகை நிலத்தில் வீடு கட்டியவர்கள் நல்ல வேளையாக முன்கூட்டியே சொந்த மனைக்குக் குடிபோய்விட்டார்கள்.

சேஜை 2005-இல் வெளியிட்டவர் வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், முன்பே இருந்த கட்டற்ற மென்பொருள்களைப் பைதான் என்ற கணினி மொழியால் ஒன்றாகக் கோத்தார். குலங்களுக்கு, ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986-இல் தொடங்கிய ‘கேப்’. எண் கோட்பாட்டுக்கு, பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த ‘பாரி’. இப்படிப் பல. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதில் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனாலும் இலவசம் என்பது இரண்டாம் பட்சம். முதல் காரணத்தை என் தொழில் மொழியில் சொல்கிறேன். இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் அடைத்திருக்கும், ஈயத்தின்மேல் அரசு முத்திரை இருக்கும். கல்லின் எடையை அதிகாரி சரிபார்த்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. குறித்த காலத்தில் மறுபடியும் சோதித்து மறுபடியும் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத கல்லில் நிறுத்தால் சரக்கு சரியாகவே இருந்தாலும் வாங்குகிறவன் நம்பமாட்டான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத மென்பொருள் முத்திரையில்லாத எடைக்கல் போன்றது. விடை சரியாகவே இருக்கலாம், ஆனால் யார் சோதித்தது? சேஜில் ஒரு கட்டளையின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கமும் உதாரணங்களும் வரும். இரண்டு கேள்விக்குறி போட்டால் அதன் மூலநிரலே கண்முன் வரும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பரிசீலித்த பிறகுதான் சேர்க்கிறார்கள். விளக்கத்தில் உள்ள உதாரணங்களை இயந்திரமே ஓட்டிப் பார்த்து, அன்று வந்த விடை இன்றும் வருகிறதா என்று சோதிக்கிறது. அதிலும் பிழை வராது என்றில்லை. வந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம்.

ஒரு மேதையின் ஊகம், ஒரு பொறுமைசாலியின் அட்டவணை

கணக்குப் போட்டுப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாறு உண்டு.

இலண்டனில் பெர்சி மக்மோகன் என்றொருவர். பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர், இளமையில் இந்தியாவிலும் பணி செய்தவர். அவர் 200 வரை எல்லா எண்களின் பிரிவினை எண்ணிக்கையையும் கையால் கணக்கிட்டார். 200-க்கு விடை 39,72,99,90,29,388. ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரத்தைச் சோதிக்க உரைகல்லாக இருந்தது அந்த அட்டவணையே.

அதே அட்டவணையைப் பார்த்துத்தான் ராமானுஜன் வேறோர் உண்மையையும் கண்டார். 4, 9, 14, 19 என்று 4-இலோ 9-இலோ முடியும் எண்களின் பிரிவினைகள் 5, 30, 135, 490 என எப்போதும் 5-ஆல் வகுபடும். 7-க்கும் 11-க்கும் இப்படியே ஒரு விதி உண்டு. மேலும் ஒரு படி போய், 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் பொதுவாக ஓர் ஊகத்தை 1919-இல் சொன்னார்.

7-ஐ மூன்று முறை பெருக்கினால் 343. ராமானுஜன் ஊகத்தின்படி, எந்த எண்ணை 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 343-ஆல் மீதியின்றி வகுபடுமோ, அந்த எண்ணின் பிரிவினை எண்ணிக்கையும் 343-ஆல் வகுபட வேண்டும். அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் 243. ஆனால் மக்மோகன் அட்டவணை 200-உடன் நின்றுவிட்டது. ராமானுஜனும் 1920-இல் மறைந்தார்.

பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற இந்தியக் கணித அறிஞர் அந்த அட்டவணையைப் பொறுமையாக 300 வரை நீட்டினார். கணிப்பொறி இல்லாத காலம். ஒரு எண் தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும். 243-க்கு அவர் அட்டவணை தந்த விடை 13,39,78,25,93,44,888. அதை 343-ஆல் வகுத்துப் பார்த்த எஸ். சௌலா, வகுபடவில்லை என்று 1934-இல் அறிவித்தார். மீதி 245. 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. 7-இன் அடுக்குகளுக்கு ஊகத்தை எப்படித் திருத்தவேண்டும் என்று கண்டு, 1938-இல் வாட்சன் நிரூபணமும் தந்தார்.

இதனால் ராமானுஜன் புகழ் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. 5-க்கும் 11-க்கும் அவர் ஊகம் சரியென்றே பின்னர் நிரூபணமாயிற்று. ஆனால் மேதையின் வாக்கையும் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. இன்று சேஜில் 243-இன் பிரிவினை எண்ணிக்கையைக் கேட்டால் கண் இமைக்கும் முன் வருகிறது. குப்தாவின் உழைப்பை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பொத்தானை நான் அழுத்துவேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. 242 வரை சோதித்தவன் ‘ஊகம் சரி’ என்று சாதித்திருப்பான். இயந்திரம் பத்து இலட்சம் எண்களைச் சோதித்தாலும் அது நிரூபணம் ஆகாது. தராசு பொய்யைப் பிடிக்கும், மெய்யை நிரூபிக்காது. நிரூபணம் மனிதன் எழுத வேண்டியது.

எப்படித் தொடங்குவது?

என் அனுபவத்தில் கண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் கையால் செய்யுங்கள். 3, 4, 5-க்குப் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்பாதவனுக்கு இயந்திரம் தரும் பட்டியல் வெறும் எண் குவியல்தான். நான் இரண்டை விட்டேன், உண்மை. ஆனால் கையால் போட்டதால்தான் அந்தப் பதினாறும் எனக்கு முகம் தெரிந்தவை ஆயின.

இரண்டாவது, பைதான் மொழியின் அரிச்சுவடி. ஒரு நாளுக்கு ஒரு மணி வீதம் ஒரு மாதம் போதும். ஐ.ஐ.டி. மும்பையின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் ஒலி-ஒளிப் பாடங்களாகக் கற்றுத் தருகிறது. நம் ஊரிலேயே இருக்கும் இந்த வசதி பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நிறுவும் தொல்லை இல்லாமல் ஆரம்பியுங்கள். ‘சேஜ் செல்’ என்ற பக்கத்தில் உலாவியிலேயே சிறு கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம். கைப்பேசியே போதும். பழகிய பிறகு கணினியில் நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸ் இருந்தால் எளிது. விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டுக்கொண்டு அதில் ஓட்ட வேண்டும்.

நான்காவது, நான் விழுந்த குழிகள் சில. கட்டளைப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் வேலை நடக்காது. பட்டியலில் முதல் பொருளுக்கு எண் 0, நம் வழக்கப்படி 1 அல்ல. ஒன்றை மூன்றால் வகுக்கச் சொன்னால் பின்னமாகவே, துல்லியமாக வைத்துக்கொள்ளும். தசமப் புள்ளி வைத்து எழுதிவிட்டால் தோராயமாகிவிடும். எல்லாவற்றிலும் பெரிய குழி: எண்ணிக்கை கேட்பதும் பட்டியல் கேட்பதும் வேறு. 100-இன் பிரிவினை எண்ணிக்கை கேட்டால் உடனே வரும். பட்டியல் கேட்டால் பத்தொன்பது கோடி வரிகளை எழுத முயன்று கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். என் மகனின் கடைக் கணினியை அப்படித்தான் ஒரு நாள் நிறுத்தி வைத்தேன். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கடைசி நாள் அது. அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஐந்தாவது, கிடைத்த எண் வரிசையை ‘முழு எண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியம்’ என்பதில் தேடுங்கள். நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது சேர்க்கத் தொடங்கிய தொகுப்பு, 1973-இல் நூலாகி, 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. 1, 2, 4, 10, 26, 76 என்று அடித்தேன். அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் யங் அட்டவணைகளின் மொத்தம். இரண்டு முறை செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் வரிசைமாற்றங்களின் எண்ணிக்கையும் இதுவே என்று அது சொன்னது. இரண்டு வேறு கதைகளுக்கு ஒரே எண் ஏன் என்று கேட்கத் தொடங்கினால் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கேள்விக்கு விடை ராபின்சன், ஷென்ஸ்டட், க்னூத் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் முறையில் இருக்கிறது. அதுவும் சேஜில் ஒரே கட்டளை.

தமிழகத்தோடு உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். அவரும் லக்ஷ்மிபாயும் கண்ட ‘லக்ஷ்மிபாய்–சேஷாத்ரி பாதைகள்’ இத்துறையில் நிலைத்த பெயர். சேஜில் அந்தப் பெயராலேயே கட்டளை உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அம்ரிதாம்ஷு பிரசாத், சேர்வியல் நோக்கில் எழுதிய நூல் 2015-இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. பயிற்சிகள் பலவற்றுக்குப் பின்னால் விடையும் குறிப்பும் இருப்பதால் தனியே படிப்பவர்க்கு உதவும்.

முடிவாக

வாடகை வீடும் பள்ளிக் கட்டணமும் கழுத்தைப் பிடிக்கும் இந்த நகரத்தில், ‘கணித ஆராய்ச்சியெல்லாம் வசதி உள்ளவன் வேலை’ என்று நம் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். மென்பொருள் உரிமத்துக்கே ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தபோது அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. இன்று அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. பாரிசில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர் கையில் இருக்கும் அதே தராசு, தாராவியில் படிக்கும் பிள்ளையின் கைக்கும் கிடைக்கிறது. எதை நிறுக்க வேண்டும் என்ற கேள்விதான் பிள்ளையிடமிருந்து வரவேண்டும்.

அந்தப் பேரேடு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. 14 என்று எழுதிய இடத்தை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் 16 என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். கடைக் கணக்கில் திருத்தம் செய்தால் அப்படித்தான் செய்யவேண்டும் என்பது என் தகப்பனார் சொல்லிக்கொடுத்த முறை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்க வாசகசாலையில் ஒரு பெஞ்சு போட்டுத் தந்தால், கற்க விரும்பும் பிள்ளைகளோடு உட்கார நான் தயார். அவர்கள் கணினி கொண்டுவரட்டும், நான் பேரேடு கொண்டுவருகிறேன்.